கடைசி வரிசையில் கை தூக்கியவர்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஏழு குடும்பங்கள் சேர்ந்து மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் நாங்களே பாடம் நடத்துகிறோம். ஒவ்வொரு பெற்றோரும் ஏதாவது ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கணக்கு. தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் ஓர் அப்பா மட்டும், "நான் பிள்ளைங்க கூட உக்காந்துக்கிடுதேன் மேடம்" என்றார். இதுவும் ஒரு பொறுப்பா?

புதன்தோறும் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவார். விடை எப்போதும் தப்பு.

"அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?"

"ஆறுல ரெண்டு, மேடம்."

"நஹீ அங்கிள், முக்கால்!" என்று பிள்ளைகள் கத்த, ஹால் சந்தைக்கடையாகிவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "தெரியலைன்னா சும்மா இருங்களேன் சார்" என்றேன். "சரி மேடம்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த கேள்விக்கு ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன். எல்லோரும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லித் தொலைங்க சார்."

சொன்னார். தப்புதான். ஹால் மறுபடி சந்தைக்கடையானது.

அரை இஞ்ச், கால் இஞ்ச் என்று தினமும் தோலை அளந்து வெட்டுகிறவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தப்பாகத்தான் பதில் சொல்வார்.