பாதிப் பிடி

சிக்னல் விளக்கு கண்ணில் பட்ட உடனேயே ஐஸ்பெட்டிக்காரர் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுவார். விளக்குக்கு இன்னும் நூறடி இருக்கும். மீதித் தூரத்தை வண்டி தானாக உருண்டு கடந்தாக வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சிலர் பக்கத்தில் வந்து ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்கள். "போங்க, போங்க. முன்னாடி போய் நிக்கத்தானே போறீங்க" என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்வார். யாருக்கும் கேட்காது. கேட்க வேண்டும் என்று அவரும் சொல்வதில்லை.

சுற்றுவட்டாரத்தில் உள்ள பதினொரு சின்ன கிளினிக்குகளில் காலையில் எடுக்கிற ரத்தத்தை, மத்தியானத்துக்குள் நகரத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக இதே வேலை. அதில் கடைசி எட்டு வருடம் இதே மோட்டார் சைக்கிள். பின் சீட்டில் நீலப் பெட்டி ஒன்று பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவே பெயர் எழுதிய குழாய்கள். நர்சுகள் வைத்த பெயர்தான் ஐஸ்பெட்டிக்காரர். தெருவில் பிள்ளைகள் ஓடிவந்து "ஐஸ் என்ன விலை?" என்று கேட்பார்கள். "எல்லாம் வித்துப்போச்சு கண்ணு, நாளைக்கு வா" என்பார், முகத்தில் துளிச் சிரிப்பு இல்லாமல். நாளைக்கும் அதே பதில்தான்.

இடது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் கட்டைவிரல் மரத்தது. பிறகு அதற்கடுத்த இரண்டும். காலையில் எழுந்ததும் கையை உதறு உதறென்று உதறினால் கொஞ்சம் உயிர் வரும். பத்து மணிக்குள் அதுவும் போய்விடும். சட்டையின் மேல் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள், அவர் கேட்காமலேயே, வேறு ஏதோ பேசிக்கொண்டே. ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடுவதையும் நிறுத்திவிட்டாள்.

"கியர் இல்லாத வண்டி ஒண்ணு வாங்கிக்கலாமே" என்று ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் மலை ஏறாது. இந்த வண்டிக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் வண்டிக்குன்னு நான் சொன்னேனா?"

அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அது முந்தின நாள் பேப்பர்.

நாள் முழுக்க டாக்டர்கள் நடுவில் புழங்குகிற மனிதர், யாரிடமாவது கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. காரணம், பரிசோதனைக் கூடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறை, சுவரோரம் நீளமான தொட்டி, நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுகிற வேலை. இவரோடு கூட ஓட்டிக்கொண்டிருந்த நெட்டைக்காரர் முழங்கால் வலி என்று கூடத்தை நடத்துகிற மேடத்திடம் வாய்விட்டுச் சொன்னார். மேடம் நல்லவர்தான். "பாவம், இனிமே உக்கார்ந்து செய்ற வேலை குடுங்க" என்று அன்றைக்கே கீழே அனுப்பிவிட்டார். இப்போது நெட்டைக்காரர் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்து, ஊறிப்போன விரல்களோடு வெயிலில் நிற்கிறார். "எந்தப் பக்கமா வந்தே? பாலம் வேலை முடிஞ்சுதா?" என்று விசாரிப்பார். ஐஸ்பெட்டிக்காரர் பாதி பதிலிலேயே வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அதனால் அவர் கைக்கேற்ற மாதிரி ஊரையே மாற்றிக்கொண்டார். மூன்று சிக்னல் உள்ள நேர்ச் சாலையை விட்டுவிட்டு, சிக்னலே இல்லாத சுற்றுவழியில் நாலு கிலோமீட்டர் கூடப் போவார். கியர் மாற்றும்போது, இடது கையால் பிடிக்க வேண்டிய கிளட்சைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை ஒரு நொடி தளர்த்தி, காலால் மட்டும் தட்டி ஏற்றப் பழகிக்கொண்டார். கேட்டால் "அனுபவம்" என்பார். பெருமையாக வேறு சொல்வார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மனிதர்கள் சாலையைக் கடக்கிற இடத்தில், முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். விரல்கள் நழுவிவிட்டன. நழுவியதே அவருக்குத் தெரியவில்லை. வண்டி துள்ளிப் பாய்ந்தது. கையில் பையோடு கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி பின்னால் தாவியதால் பிழைத்தார். தக்காளியெல்லாம் சாலையில் உருண்டது. ஐஸ்பெட்டிக்காரர் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் திட்டவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அன்று சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக் கிளட்ச் கேபிளைத் தானே இறுக்கி வைத்தார். லிவரைப் பாதி இழுத்தாலே கிளட்ச் விட்டுவிடும். பாதிப் பிடிக்கு அவர் விரல்கள் போதும். பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினார்.

கிளட்ச் தூங்கவில்லை. போன திங்கட்கிழமை மலைக் கிளினிக்கிலிருந்து இறங்கி, அடுத்த ஏற்றத்தில் ஏறும்போது இஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது, வண்டி நகரவில்லை. ஒரு சைக்கிள்காரர் "சார், தள்ளணுமா?" என்று அன்பாகக் கேட்டபடி முந்திப் போனார். பெட்டிக்குள் முப்பத்தெட்டுப் பேரின் ரத்தம். தள்ளிக்கொண்டே மேலே ஏற்றி, இறக்கத்தில் உருட்டி, எப்படியோ நேரத்துக்குச் சேர்த்தார். சேர்த்துவிட்டு, வாசலில் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மெக்கானிக், கழற்றிய கிளட்ச் பிளேட்டுகளை மேஜைமேல் பழைய தினசரியில் பரப்பி வைத்திருந்தான். முப்பத்தைந்து வயது, வாய் ஓயாத ஆள், வேலையில் சுத்தம். ஒரு பிளேட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாருங்கண்ணா. அடிப்பிடிச்ச பால் மாதிரி இல்ல? மொத்தமும் கருகிப்போச்சு. இந்த இரும்பு பிளேட்டெல்லாம் பாருங்க, நீலம் பூத்துடுச்சு. செட்டோட மாத்தணும்."

மூன்று அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தான். ஒன்று கம்பெனி சரக்கு. ஒன்று விலை குறைந்தது. "இது உங்களுக்கு வேண்டாம், ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க" என்று அவனே அதை ஓரமாகத் தள்ளினான். மூன்றாவதைத் திறந்து, தடித்த ஸ்பிரிங்குகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான்.

"மலை ஏத்தம், பின்னாடி சுமை. உங்களுக்கு இதான் சரி. இதைப் போட்டா மூணு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம். லிவர் மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கும், இறுக்கிப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

"கம்பெனி சரக்குன்னா?"

"அது இவ்வளவு கெட்டி இல்ல. ஆனா எதைப் போட்டாலும் முழுசாப் பிடிச்சுத்தான் ஆகணும். கேபிளை அப்படி இழுத்து வச்சது யாருண்ணா?"

"ஒரு தெரிஞ்சவர்" என்றார் ஐஸ்பெட்டிக்காரர்.

"தெரிஞ்சவரா? அந்த ஆளுக்கு என்ன தெரியும்? கேபிள்ல கொஞ்சமாவது தொய்வு இருக்கணும்ணா. இதுல நூல் அளவு இல்ல. நீங்க கையை வைக்காதப்பவும் கிளட்ச் பாதி விட்டே ஓடியிருக்கு. கருகாம என்ன பண்ணும்? நல்ல வண்டி. இதுமேல கை வைக்க அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு? அறிவுகெட்டவன். இன்னொரு வண்டியைத் தொடறதுக்குள்ள அவனைக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு வார்த்தை நான் கேட்டுக்கறேன்."

ஐஸ்பெட்டிக்காரர் ஸ்பிரிங்குகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்திப் பார்த்தார், வலது கையால். அது அசையவில்லை. மூன்று வருடம் என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. ஒரு நாளைக்கு எத்தனை பிடி? எண்ணியதில்லை. சாலையில் உருண்ட தக்காளிகள் நினைவுக்கு வந்தன, அந்த அம்மாள் பேசாமல் நின்றதும். அவருக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. வண்டி ஓட்டிய களைப்பல்ல, மறைத்து மறைத்து வந்த களைப்பு.

"எந்த செட்டைப் போடட்டும்ணா?"

"கூட்டிட்டு வர வேண்டாம்பா. அந்த ஆள் நான்தான்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பிரிங்குகளைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டான்.

ஐஸ்பெட்டிக்காரர் கருகிய பிளேட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினார். அங்கே, தினசரியின்மேல், இடது கையை மல்லாத்தி வைத்து, மடக்கிக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கின. மற்ற மூன்றும் பாதியில் நின்றன. அவர் கையை எடுக்காமல், அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று, அப்படியே வைத்திருந்தார்.