சிவப்பு வளையம் போட்ட போத்தல்

மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழ் அறையில், இவர் பன்னிரண்டு வருடம் பியர் காய்ச்சினார். இவர் என்றால் என் கணவர். கம்பியால் இழுத்துப் பூட்டுகிற பீங்கான் மூடிப் போத்தல்களில்தான் அடைப்பார். மூடியில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் இருக்கும். அது நன்றாக இருந்தால் பியரின் காற்று உள்ளே நிற்கும், வெடிப்பு விழுந்தால் போய்விடும். காய்ச்சினது முழுக்க இவர் குடித்தார், நான் ஏசினேன். என் வாய் சும்மா வாய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழே தெரியாது, அவரும் இரண்டு தரம் சுவரில் தட்டியிருக்கிறார்.

போன வருடம் ஈரல் பழுதாகி இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிக் குடித்தால் ஆள் தப்பாது என்று டொக்டர் நேரே சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே வீட்டில் இருந்த பியர் எல்லாவற்றையும் குசினித் தொட்டியில் ஊற்றினேன். இவர் வீட்டுக்கு வந்தார், குடியை நிறுத்தினார். என்னிலும் ஏதோ நின்றுவிட்டது. கோபம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பஸ் பிடித்து வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு போட்டேன்.

போத்தல்களை எறிய மனம் வரவில்லை. நல்ல தடித்த கண்ணாடி. இவரிடம் இருந்த பன்னிரண்டு போத்தலில் பதினொன்றுதான் இருந்தது. ஒன்று முந்தியே உடைந்துவிட்டது என்றார். வளையங்களைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்து, கொதிதண்ணீரில் போட்டெடுத்துத் திரும்ப மாட்டினேன். இஞ்சிப் பாணியும் சோடாத் தண்ணீரும் கலந்து அடைத்துக் கொடுத்தேன். இவர் முதல் போத்தலைத் திறந்தார். குடிக்கவில்லை, மூடியை மூக்கில் பிடித்தார்.

"உதில இன்னும் மணக்குது. வேற போடுமன்."

நானும் மணந்து பார்த்தேன். உண்மைதான், இஞ்சியையும் தாண்டிப் பழைய பியர் மணந்தது. ரப்பரில் ஊறினது எத்தனை தரம் கொதிக்க வைத்தாலும் போகாதாம், பியர்ச் சாமான் விற்கிற கடைக்காரர் சொன்னார். வெள்ளை வளையம் ஒரு பைக்கற் வாங்கிவந்து பதினொன்றுக்கும் போட்டேன். சிவப்பு எல்லாம் குப்பைக்குப் போயிற்று.

இவர் நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸின் பில்டர் மாற்றக் கீழே இறங்கினேன். ஃபேர்னஸுக்குப் பின்னால் உடைந்துவிட்டது என்று இவர் சொன்ன போத்தல் முழுசாக நின்றது. சிவப்பு வளையம். கழுத்துவரை பியர். வளையத்தில் வெடிப்பு விழுந்து, போத்தல் கழுத்தெல்லாம் பிசுபிசுத்தது.

முந்தி என்றால் அன்றைக்கு வீட்டை இரண்டாக்கியிருப்பேன். இப்போது பார்த்துக்கொண்டு நின்றேன். வளையம் பழுது, மாற்ற வேண்டும் என்றுதான் பட்டது. மேலே போய் மிச்சமிருந்த வெள்ளை வளையம் ஒன்றை எடுத்துவந்தேன். மூடியைத் திறந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை, காற்று எப்போதோ போய்விட்டது. வளையத்தை மாற்றி, கம்பியை இழுத்துப் பூட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஏன் ஊற்றவில்லை என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்தநாள் மத்தியானம் இவர் அந்தப் போத்தலோடு மேலே வந்தார். அதை மேசையில் வைத்தார்.

"நீரே ரப்பரை மாத்தினனீர்?"

"ஓம்."

"ஒரு சொட்டும் குடிக்கேல்லை. ஒண்டாவது கிடக்கட்டும் எண்டு முந்தியே ஒளிச்சு வைச்சனான். ஆனா ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கிறன்."

புட்டு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன். இவர் கதிரையில் இருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஏசாம நிக்கிறீர்? நீர் ஏசாட்டி நான் எப்பிடியப்பா நிப்பாட்டி வைக்கிறது?"

பன்னிரண்டு வருடமாக இந்த மனுசனின் காதில் ஏறவில்லை என்று நினைத்த ஏச்சு. உள்ளுக்குள் கோபத்தைத் தேடினேன், ஒன்றும் இல்லை. ஆனால் சொற்கள் பாடமாக இருந்தன. தொடங்கினேன். வெட்கம் கெட்ட மனுசன் என்றேன், பச்சைப் பொய்க்காரன் என்றேன், உங்களைக் கட்டி என்ன சுகத்தைக் கண்டேன் என்றேன். குரலையும் உயர்த்தினேன். கடைச் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. இவர் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு மூடியைத் திறந்து முழுவதையும் தொட்டியில் ஊற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"நாளைக்கும் ஏசுவீரோ?"

ஓம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இவரை ஏசுகிறேன்.