நூற்றைத் தாண்டிய கணக்கு

துறையில் பாரை மீனைத் தராசில் போடும்போது கைபேசி அடித்தது. கொக்குவிலிலிருந்து தர்சினியின் தம்பி. "அண்ணை, அக்கா மோசம் போயிட்டா." டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். எங்கள் துறையின் கணக்கு வேலை பாதியில் நிற்க, வேலை தெரிந்தவர் போய்விட்டார்.

கருத்துக்கணிப்பு விடைகளைக் கணினியில் ஒழுங்குபடுத்துவது தர்சினியின் தொழில். மீன் வியாபாரியான எனக்குத்தான் அதன் அருமை பிந்தி விளங்கியது.

எங்கள் துறையில் ஏதாவது ஒன்று கட்ட உதவி கிடைத்தது. என்ன வேண்டும் என்று மீனவர் சங்கம் எல்லோரையும் கேட்டது, எத்தனையும் சொல்லலாம். சங்கத்தில் பதில்களை எண்ணிவிட்டு, ஐஸ் அறைதான் முதலிடம் என்றார்கள். எனக்கும் அதுதான் வேண்டும், ஒளிப்பானேன்? பிறகு ஒருவரும் மறுத்துக் கதைக்காதிருக்கத் தர்சினியைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன்.

பார்த்ததும் சிரித்தார். ஒருவர் சொன்னதெல்லாம் அட்டவணையின் ஒரே கட்டத்தில் கிடந்தது. "மலசலகூடம், விளக்கு" ஒரு பதிலாம். "விளக்கு, கூரை, மலசலகூடம்" வேறொரு பதிலாம். ஐஸ் மட்டும் கேட்ட வியாபாரிகள் நாங்கள் ஒரே குவியலாக முன்னுக்கு நின்றோம்.

"கலந்த கூடையை அப்பிடியே நிறுத்து விலை சொல்லுவீங்களோ, அண்ணை? சூடையை வேறை, பாரையை வேறை கொட்டமாட்டீங்களோ?"

ஒரு வரிக்கு ஓர் ஆள், ஒரு பதில் என்று பிரித்தார். மூன்று கேட்டவருக்கு மூன்று வரி. ஒவ்வொன்றிலும் அதே ஆளின் இலக்கம். எண்ணினால் முதலில் நின்றது மலசலகூடம். துறையில் மீன் விற்கும் பெண்கள் அநேகமாக எல்லோரும் அதைக் கேட்டிருந்தார்கள்.

"பிள்ளை, உன்னைக் கூப்பிட்டது ஐஸுக்கு," என்று சீறினேன்.

"கூப்பிட்டது நீங்கள். பதில் சொன்னது அவையள்."

சங்கத் தலைவர் தாளைத் தட்டினார். "சதவீதங்களைக் கூட்டினால் நூற்றைத் தாண்டுது. உது பிழைக் கணக்கு."

"ஒராள் மூண்டு கேட்டால் தாண்டும்தானே, ஐயா? நான் வகுத்தது ஆக்களாலை, பதிலாலை இல்லை," என்றார் தர்சினி. முடிவைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் காய்ச்சல்.

செத்தவீடு முடிந்த கிழமையே மறுபடி கூட்டம். தலைவர் அதே நூற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழும்பினேன். தர்சினிபோல விளக்க வரவில்லை. கடைசியில், "ஐஸ் கேட்டவன் நான். நானே சொல்லுறன், மலசலகூடம்தான் முதல்," என்றேன்.

பின்னாலிருந்து மீன் விற்கும் மேரியக்கா, "நாங்கள் சொல்லித்தான் காதிலை ஏறேல்லை, முதலாளி சொல்லியாவது ஏறட்டும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முடிவு மட்டும் வரவில்லை.

தர்சினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "ஆளை எண்ணுறீங்களோ, பதிலை எண்ணுறீங்களோ?" தலைவரை எங்கே கண்டாலும் அதைக் கேட்கிறேன். இப்போது என்னைக் கண்டால் அவர் சைக்கிளைத் திருப்புகிறார். மேரியக்காவும் மற்றவர்களும் இன்றும் விடிய வந்து, வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.