குளிர்காய்ந்த பிரிட்ஜ்

என் சித்தியின் பிரிட்ஜ் போடியில் ஐஸ் கட்டும், போடிமெட்டில் கட்டாது. அதே பெட்டி, அதே பிளக், அதே தண்ணீர். நடுவில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழி முழுக்க எங்கள் குடும்பத்தில் வேறு பேச்சே கிடையாது.

மெட்டுக்கு மேலே, கேரள எல்லையைத் தாண்டின கையோடு இருக்கிற ஒரு ஏலத்தோட்டத்தின் வாசலில் சித்தி சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். சித்தப்பா அதே தோட்டத்தின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடம். மெஸ், வீடு, ஸ்டோர் மூன்றும் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் வருகிற ஆட்களுக்கு இட்லி, மத்தியானம் சோறு, சாம்பார். பல வருஷம் இப்படியே ஓடியது. போன தீபாவளிக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பாடு போட்டால் என்ன என்று சித்திக்குத் தோன்றியது.

மீன்காரர் கேரளத்துப் பூப்பாறைப் பக்கமிருந்து புதன்கிழமை மட்டும்தான் வருவார். புதன் வாங்கின மீன் ஞாயிறு வரை கெடாமல் இருக்க வேண்டும். அதற்காகவே மேலே பிரீசர், கீழே பிரிட்ஜ் என்று இரண்டு கதவு வைத்த பெட்டியைப் போடியில் வாங்கி மலையேற்றினார் சித்தி. சித்தப்பாவுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை.

"மீனெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது. சாம்பாரு போதும்."

"உங்களுக்குப் போதும். திங்கிறவனுக்குப் போதுமான்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மீன் சாப்பாடு அமர்க்களமாகத்தான் நடந்தது. மார்கழி பிறந்து முதல் ஞாயிறு சித்தி பிரீசரைத் திறந்தால் மீன் கொழகொழவென்று கிடந்தது. நாற்றம் ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் போனதாக ஜீப்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்குச் சாம்பார். அதற்கடுத்த ஞாயிறும் சாம்பார்.

பெட்டியை ஜீப்பில் ஏற்றிக் கீழே, வாங்கின கடைக்கே அனுப்பினார்கள். போடியில் இருப்பது நான்தான். பி.எஸ்சி. பௌதிகம் முடித்துவிட்டுப் பரீட்சைகள் எழுதிக்கொண்டு, வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று பெயரெடுத்தவள். அதனால் பிரிட்ஜுக்குத் துணை நான். கடை மெக்கானிக் ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பார்த்தார். காலையில் ஐஸ் தட்டைத் தட்டினால் கல்லு.

"ராசா மாதிரி ஓடுது பாப்பா. ஒங்க சித்தி கதவச் சாத்துறாங்களா, தெறந்து போட்டு வேடிக்க பாக்குறாங்களா?"

இதை நான் போனில் அப்படியே சொல்லித்தொலைத்தேன். சித்தி அந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பெட்டி மேலே போனது, மறுபடியும் படுத்துக்கொண்டது. மலையில் கரண்டு தாழ்வு என்றார்கள், ஸ்டெபிலைசர் வந்தது. அதில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது, அவ்வளவுதான். குளிர் கூட்டுகிற குமிழை முழுக்கத் திருகியும் பார்த்தார்கள். எப்போதாவது ஒரு தடவை உறுமும், உடனே அடங்கிவிடும். பொங்கலுக்கு முன்னால் இரண்டாம் தடவையும் பெட்டி கீழே வந்தது. போடிக் கடையில் திரும்பவும் கல்லு மாதிரி ஐஸ்.

"ஏறி எறங்கி ஏறி எறங்கி அதுக்குத் தல சுத்துது. என்னால இனி ஆகுறதுக்கு ஒண்ணுமில்ல" என்று மெக்கானிக் கையைக் கழுவிவிட்டார்.

இதற்குள் விஷயம் பெரிதாகியிருந்தது. ஜீப்காரர்களில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். கார்த்திகை, மார்கழி முழுக்க நாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள், பொங்கல் தாண்டி மாலையைக் கழற்றின முதல் ஞாயிறு சித்தியிடம் நாற்பது மீன் சாப்பாடு சொல்லிவைத்திருந்தார்கள். சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து சித்தப்பா அவரிடம் சொன்னது எனக்கே கேட்டது: "இந்த ஞாயித்துக்கெழமையும் மீனு கெட்டுச்சுன்னா பொட்டியும் வேணாம், மீனும் வேணாம். அத்தோட விட்டுறணும். சரியா?"

"சரி" என்றார் சித்தி. எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிற சித்தி. அன்றைக்கு அந்த ஒற்றைச் 'சரி'யோடு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜீப்பின் பின்பக்கம் பிரிட்ஜை நிமிர்த்தி நிறுத்திக் கயிறு கட்டினார்கள். எதிரே எனக்கு இடம். பெட்டியின் முதுகு என் மூஞ்சிக்கு நேராக. போடியில் நல்ல வெயில், முதுகெல்லாம் வேர்வை.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க பாப்பா" என்றார் டிரைவர் அண்ணன். நாற்பது சாப்பாட்டில் அவருடையதும் ஒன்று. "இந்தப் பொட்டிக்கு இப்ப ரோடு என்னயவிட நல்லாத் தெரியும்."

பெட்டியின் முதுகில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். கண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் படிக்காமல் இருக்க எனக்கு வராது. பிஸ்கட் பாக்கெட்டையே பின்பக்கம் திருப்பி முழுக்கப் படிக்கிறவள். FF என்று முதல் வரி.

"எஃப் எஃப்னா ஃபர்ஸ்ட் ப்ளோரு" என்றார் அண்ணன் திரும்பாமலே. "மாடியில வைக்கிற பொட்டி. அதான் ஒங்க சித்தி மலைக்குக் கொண்டாந்திருக்காங்க."

"பனி படியாம தானா உருக்கிவிடுற பொட்டின்னு அர்த்தம்ண்ணே."

அடுத்தது வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு கோடு. அது ஏ.சி. கரண்டு என்றேன். "ஏசியுமா இருக்கு இதுக்குள்ள!" என்று அண்ணன் அசந்துபோனார். R600a என்பது உள்ளே ஓடுகிற வாயு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். கடைசி வரிதான் இடித்தது. CL : T. அவ்வளவுதான், வேறு விளக்கமில்லை.

அடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள், சிக்னல் இருக்கும்போதே அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"சி.எல்.னா கேஷுவல் லீவுடி. வருசம் பூரா எழுதிக் குடுக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"பிரிட்ஜுக்கு எதுக்கும்மா லீவு?"

"அதத்தான் போட்டுட்டு ஒக்காந்திருக்கே, மார்கழியிலருந்து!"

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் ஒரு விளக்கம் சொன்னார். "டி-ன்னா தமிழ்நாடு பாப்பா. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடாது. பெர்மிட்டு இல்லாத வண்டி மாதிரி."

சிரித்தேன். ஆனால் அடுத்த இரண்டு வளைவுக்கு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடாது. நடந்தது அதுதானே? எல்லையில் அப்படி என்ன மாறுகிறது? போனில் தேடலாம் என்றால் சிக்னல் போய்விட்டது. கீழ்க்கதவில் பிளாஸ்டிக் பையோடு ஒட்டியிருந்த கையேடு ஞாபகம் வந்தது. பெட்டியைச் சுற்றி, கயிற்றுக்கு நடுவே கையை விட்டு உருவினேன். யாரும் பிரித்தே பார்க்காத கையேடு. கடைசிக்கு முந்தின பக்கத்தில், எறும்பு எழுத்தில் ஒரு கட்டம். CL என்றால் பிரிட்ஜ் எந்தச் சூட்டுக்குப் பழகினது என்கிற வகுப்பு. SN, N, ST, T என்று நாலு வகுப்பு. SN பத்து டிகிரிக் குளிர் வரை தாங்கும். T என்றால் வெப்பநாட்டுப் பெட்டி. சுற்றியிருக்கிற காற்று பதினாறிலிருந்து நாற்பத்து மூன்று டிகிரிக்குள் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும்.

பதினாறு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே துப்பட்டாவைக் காதோடு இழுத்துச் சுற்றினேன். சுற்றின பிறகுதான் உறைத்தது. போடியில் வேர்த்து வடிந்தவள், இங்கே பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் குளிர்கிறது என்றால் இந்தப் பெட்டிக்கும் குளிராதா?

"வண்டிய நிப்பாட்டுங்கண்ணே!"

"என்னாத்தா, வாந்தி வருதா?"

"இல்லண்ணே, கண்டுபிடிச்சுட்டேன்!"

"கண்டுபிடிச்சத மேல போயிச் சொல்லு. வளைவுல நிப்பாட்டச் சொல்ற ஆளு!"

மிச்ச வளைவு எல்லாம் அந்தப் பெட்டியின் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

மேலே போனதும் முதல் காரியமாக பிரிட்ஜ் நின்ற அறையைப் பார்த்தேன். வடக்குப் பக்கத்து அறை. வெயிலே விழாது, சுவரெல்லாம் ஈரம். வீட்டிலேயே அதிகக் குளிர் அந்த அறையில்தான்.

"சூடான எடத்துல வைக்காதீங்கன்னு கடைக்காரரு சொன்னாருல்ல? அதான் தேடிப் பிடிச்சு இங்க வச்சேன்" என்றார் சித்தி பெருமையாக.

"போடிக்கு அது சரி சித்தி. இங்க அதுதான் வினை." நான் மூச்சுவிடாமல் சொன்னேன். குளிரை அளக்கிற கருவி பெட்டியின் கீழ் அறையில்தான் இருக்கிறது. வீடே இப்படிக் குளிர்ந்து கிடந்தால் கீழ் அறை தானாகவே சில்லென்று இருக்கும். நம்ம வேலை முடிந்தது என்று மோட்டார் தூங்கிவிடும். மேலே பிரீசரில் மீன் உருகுகிறது என்று அதற்குச் சொல்வார் யாருமில்லை. போடியில் வெக்கை, கீழ் அறை சீக்கிரம் சூடாகும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே கல்லு.

சித்தப்பா வாசலில் நின்று சிரித்தார்.

"அப்ப ஐஸ் கட்டணும்னா பொட்டியச் சூடான எடத்துல வைக்கணுமாக்கும்? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஒங்க ஸ்டோரு தெர்மாமீட்டரக் குடுங்க சித்தப்பா."

அவர் பொழுதுக்கும் அதைப் பார்த்தே காலம் தள்ளுகிறவர். அதில் மட்டும் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. அவரே கொண்டுவந்து அந்த அறை ஆணியில் மாட்டினார். கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினொண்ணு" என்றார் மெதுவாக.

கையேட்டில் பதினாறு என்கிற இடத்தில் விரலை வைத்து நீட்டினேன். அவர் அதை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். "நம்ம காயிக்குச் சூடு கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாக்கூட நெறம் போயிரும்" என்றார், என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, தனக்குத்தானே சொல்கிற மாதிரியும் இல்லை. "அது மாதிரித்தான் இதுவுமா?"

"அதேதான்."

அதற்கப்புறம் எங்களுக்கு வேலையே வைக்கவில்லை. ஸ்டோருக்கும் வீட்டுக்கும் நடுவில் சாக்கு போட்டுவைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அதன் ஒரு சுவர் ஸ்டோரின் சுவர். உலர்த்துகிற நாட்களில் கை வைத்தால் இதமாக இருக்கும். சாக்குகளை அவரே அள்ளி வெளியே போட்டார். தெர்மாமீட்டர் அங்கே இருபத்து மூன்று காட்டியது. டிரைவர் அண்ணனும் அவருமாகப் பெட்டியைத் தூக்கி, அந்தச் சுவரை ஒட்டினாற்போல, காற்றோட்டத்துக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தினார்கள்.

"பாருய்யா, மனுசன் குளிர்காயப் பாத்திருக்கேன்" என்றார் அண்ணன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "பிரிட்ஜு குளிர்காயுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஜீப்பில் குலுங்கி வந்த பெட்டி என்பதால் சாயங்காலம் வரை சும்மா நிறுத்திவைத்து, பிறகு சுவிட்சைப் போட்டேன். மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். செவ்வாய்க்கிழமை காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே சித்தி கதவைத் திறந்துவிட்டார். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என் பாயருகே வந்து நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

"எந்திரிடி, எந்திரி! கல்லாயிருச்சுடி!"

புதன்கிழமை மீன்காரர் வந்து, "சேச்சி, இந்தத் தடவை வேணோ, வேண்டயோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். போன இரண்டு தடவை கதை அவருக்கும் தெரியும். சித்தி பாத்திரத்தை நீட்டி, "மத்தியும் போடுங்க, அயிலையும் போடுங்க. நெறையப் போடுங்க" என்றார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சித்தி வீட்டில் பிரீசர் திறக்காத மணி நேரம் இல்லை. கடைசியில் நானே கத்தினேன்: "கதவச் சாத்துங்க சித்தி, அந்த மெக்கானிக்கு சொன்னது நெசமாயிரும் போல!"

ஞாயிறு காலையில் சித்தி முதல் மீனை எடுத்து அம்மிக்கல்லில் தட்டினார். டங்கென்று சத்தம் ஸ்டோர் வரை கேட்டது. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தார். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மத்தியானம் ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றன. இரண்டு மாசப் பட்டினிக்காரர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். பேச்சு இல்லை, இலை வழிக்கிற சத்தம்தான். டிரைவர் அண்ணன் மூன்றாவது தடவை குழம்பு கேட்டார். "போதும்ண்ணே, அடுத்தவங்களுக்கு வேணாமா?" என்றேன். "நாலு தடவ தூக்கிச் சொமந்தவன் நானு. கணக்குப் பாத்து ஊத்து" என்றார்.

மூன்று மணிக்குச் சட்டி காலி. அப்போது பூப்பாறைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் காரை ஓரங்கட்டிவிட்டு, மீன் வாசனை பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. சோறு இருந்தது, சாம்பார் இருந்தது. சித்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். வாசலுக்குப் போய், இரண்டு கையையும் விரித்து, வந்தவர்களிடம் சொன்னார்:

"மீனு தீந்து போச்சு சார். அடுத்த ஞாயித்துக்கெழம கொஞ்சம் வெரசா வாங்க. எடுத்து வைக்கச் சொல்றேன்."