கோடாலி தீட்டுகிறவன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு சாணைக்கல்லோடு தொழில் தொடங்கியவன் நான். அந்தக் கல்லில் கத்தியும் கோடாலியும் தீட்டித்தான் மரம் விற்கும் மரக்காலை வைத்தேன், ஹார்ட்வெயார் கடை போட்டேன், மாடி வீடு கட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. கைகொடுத்தவன் ஒருவனும் இல்லை.

கடை வாசலில் கிடக்கும் அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கோயில் சங்கத்தின் பழைய செயலாளர் ஞாபகம்தான் வருகிறது. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கோயில் மண்டபம் கட்டுவதற்காகக் கூடிய கூட்டத்தில், கூரைக்கும் கதவுக்கும் வேண்டிய மரம் முழுவதையும் சும்மா தருகிறேன், கல்வெட்டில் என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "முதலாளி ஹேஸ் என் எக்ஸ் டு கிரைண்ட்" என்றார். எக்ஸ் என்றால் கோடாலி, கிரைண்ட் என்றால் தீட்டுவது. அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். என் தொழிலை மெச்சுகிறார் என்று எழுந்து கும்பிட்டேன். "ஆமாங்க ஐயா, எத்தனை இருந்தாலும் கொண்டு வாங்க, தீட்டித் தர்றேன்!" சபை குலுங்கிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் சுடுகிறது.

மறுநாள் நான் சொல்லக் கேட்டு, பக்கத்துப் பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் நானா தலையில் அடித்துக்கொண்டார். "அது கோடாலி இல்ல முதலாளி! உள்ளுக்குள்ள சொந்த ஆதாயத்த வெச்சிக்கொண்டு பேசுற ஆள் எண்டு ஒங்கள ஏசியிருக்காரு."

பெயர் வேண்டும் என்றது உண்மை. அதை ஒளித்தா கேட்டேன்? வாய்விட்டல்லவா கேட்டேன்! கொடுத்த வாக்குக்காக மரத்தை ஏற்றி அனுப்பினேன். கல்வெட்டில் அவர் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை.

காத்திருந்தேன். மண்டபம் எழும்பியபின் ஒரு கூட்டத்தில், அங்கே நடக்கும் கல்யாணங்களின் சமையலுக்குத் தமக்குத் தெரிந்த நல்ல ஆள் ஒருவர் இருப்பதாகச் செயலாளர் மெல்ல இழுத்தார். எழுந்தேன். கண்ணாடி முன் நின்று பழகிவைத்த வாக்கியத்தை விட்டெறிந்தேன்: "செயலாளர் ஹேஸ் என் எக்ஸ் டு கிரைண்ட்! அந்த நல்ல ஆளு உங்க மருமகன்தானே ஐயா? கோடாலியக் கொண்டு வாங்க, என் கல்லு இன்னும் சுத்துது." அன்றைக்குச் சபை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் பேனாவை மூடாமலே சட்டைப் பையில் செருகினார். எனக்கு இரக்கம் வரவில்லை; இன்றும் வரவில்லை.

இப்போது அவர் மண்டபச் சுவரில் மாலை போட்ட படம். படத்துக்கு மேலே கூரையாய் நிற்பது என் மரம். சங்கத்தார் இதை வாசிக்கட்டும்: அந்தக் கல்வெட்டில் இன்னும் இடம் இருக்கிறது, என் பெயரை வெட்டுங்கள். உளி மழுங்கியிருந்தால் கொண்டு வாருங்கள், இதே சாணைக்கல்லில் நானே தீட்டித் தருகிறேன்.