டாக்டர் ஹாலரனின் குரல்

பதினேழு வருஷமாக சாராள் அந்த மனிதரின் குரலைக் கேட்டு வந்தாள். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

பெருங்களத்தூரில், இரண்டாம் மாடி அலுவலகம் ஒன்றில் அவளுக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் பதிவை ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்க வேண்டும். டாக்டர் ஹாலரன் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். சாராளுக்கு ஒரு சொல் தப்பாது. பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியைப் பற்றிச் சொல்லுமுன் அவர் தொண்டையைச் செருமுவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஏஐ வந்தது. அது அடித்துத் தரும், இவர்கள் திருத்தினால் போதும். விரல்வலி குறைந்ததே என்று சாராள் முதலில் சந்தோஷப்பட்டாள். இவர்கள் திருத்தத் திருத்த அது கற்றுக்கொண்டது. நாற்பது பேர் இருந்த ஹாலில் ஆறு பேர் மிஞ்சினார்கள்.

போன நவம்பரில் ஒரு காலை, டாக்டரின் நாக்கு குழறியது. சொன்னதையே திரும்பச் சொன்னார். தினமும் சொல்லும் மருந்தின் பெயர் வராமல் தவித்தார். திரையில் ஏஐ எழுதியிருந்ததில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. மறுநாளும் அப்படியே.

சாராள் டீம் லீடர் ஜெர்சனிடம் போனாள்.

"ஜெர்சன், அந்த டாக்டருக்கு ஒடம்பு சரியில்லப்பா. மூளைல ஏதோ பிரச்சனை. யாராவது சொல்லணும்."

"அக்கா, ரிப்போர்ட் கரெக்டா இருக்குல்ல?"

"ரிப்போர்ட் கரெக்ட்தான். அவர்தான் சரியில்ல."

"கிளையண்ட்கிட்ட நாம நேரா பேசக்கூடாதுக்கா. கையெழுத்து போட்டிருக்கீங்க. இருக்குற வேலையையும் கெடுத்துக்காதீங்க."

அந்த ஆஸ்பத்திரியின் முகவரியை ஆயிரம் முறை அடித்தவள் அவள். ஒரு மெயில் போட்டிருக்கலாம். மகள் ஜெரூஷா நர்சிங் இரண்டாம் வருஷம், கணவர் இல்லை. சாராள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்து வந்த பதிவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு அவர் குரல் வருவதே நின்றுபோனது.

ஜனவரியில் மிச்சமிருந்த ஆறு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் செம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து அந்த மெயிலை எழுதினாள். இரண்டு நாளில் ஒரு நர்ஸிடமிருந்து பதில் வந்தது. டாக்டர் டிசம்பரில் பக்கவாதத்தில் இறந்துவிட்டார். தனியாக வாழ்ந்தவர் என்பதால் அறிகுறிகளை யாரும் கவனிக்கவில்லை. 'நீங்கள் அவருக்கு என்ன உறவு?'

கல்லூரியிலிருந்து வந்த ஜெரூஷா, அம்மா அழுவதைப் பார்த்துப் பதறினாள்.

"இன்னாம்மா ஆச்சு? யாரு?"

"என் டாக்டருடி."

"உனக்கு ஒடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான். எனக்குத் தெரியும்டி... முன்னாடியே தெரியும்."

ஜெரூஷா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நர்ஸின் கேள்விக்கு சாராள் இன்றுவரை பதில் எழுதவில்லை.