மேகத்துக்குக் குடை

என் அக்கா மகள் சென்னையில் கணினி விளையாட்டு செய்கிற ஒரு கம்பெனியில் தயாரிப்பாளர். அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்டேன். "படம் வரையுறது வேற ஆளு மாமா, புரோகிராம் எழுதுறது வேற ஆளு. அவங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்காம பாத்துக்கிட்டு, சொன்ன நாள்ல விளையாட்டை வெளிய கொண்டுவரணும்" என்றாள். அந்த வேலையை எழுபதுகளின் தொடக்கத்திலேயே நான் அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டேன். சம்பளம் கிடையாது. அப்பா அதற்கு வெட்டிவேலை என்று பெயர் வைத்திருந்தார்.

அப்பாவுக்கு பஜாரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. பட்டம் வாங்கிவிட்டு வந்து நான் அதில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் என் சிநேகிதன். ஒருநாள் அவன் ஒரு சின்னப் பலகையைக் காட்டினான். இடது பக்கம் கேள்விகள், வலது பக்கம் பதில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பித்தளைத் திருகாணி. கையில் இரண்டு கம்பிகள். ஒன்றால் கேள்வியையும் மற்றதால் பதிலையும் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் பல்பு எரிந்து மணி அடிக்கும். தப்பென்றால் பலகை பேசாமல் இருக்கும்.

இதைக் கதவு அளவுக்குப் பெரிதாகச் செய்து, திருச்சுழி ஆடித் திருவிழாவில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தான் என் பங்கு. வயர் இழுக்க அந்த ரேடியோ மெக்கானிக் இருந்தான். எழுதுவதற்கு, நெசவாளர் தெருவில் போர்டு எழுதும் இன்னொரு சிநேகிதனைப் பிடித்தேன். அவன் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மெக்கானிக்கும் பெயிண்டரும் ஒரே பலகைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை.

"திருகாணிய என் எழுத்து மேலயா அடிப்பான்? அவன்ட்ட சொல்லிரு."

"எழுத்த நகட்டச் சொல்லு. கரண்டு எழுத்துக்காக வளைஞ்சு போகாது."

நான் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்து சொன்னேன்.

எங்களுக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேள்விகளை எழுதித் தந்தார். உலகத்திலேயே நீளமான ஆறு, உயரமான மலை. லாரி பேட்டரியோடு பலகையை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தோம். முதல் நாள் சாயங்காலம் மணி அடிக்கவே இல்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. மீதிப் பேர் பரீட்சை என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாள் பகலில் எழுத்தை அழித்துவிட்டுப் படம் போடச் சொன்னேன். பெயிண்டர் அதற்காகவே பிறந்தவன்போலப் போட்டான். பசுவுக்குக் கன்று, பாம்புக்குப் புற்று, மீனுக்குக் கண்மாய், வேலுக்கு மயில், மேகத்துக்குக் குடை. அன்று கூட்டம் அள்ளியது. பசுவைத் தொட்டுக் கன்றைத் தொட்டு மணி அடித்ததும், பெண்கள் கன்றே நேரில் வந்ததுபோலச் சிரித்தார்கள்.

அப்போது ரெட்டியபட்டி விவசாயி ஒருவர் கம்பிகளை வாங்கினார். மேகத்தைத் தொட்டார். அடுத்த கம்பியைக் கண்மாயில் வைத்தார். மணி அடிக்கவில்லை. துண்டால் திருகாணியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"கம்பி கிம்பி அந்து போச்சா தம்பி?"

"இல்லண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு" என்றேன். அதைவிட மோசமான பதிலை நான் சொல்லியிருக்க முடியாது.

"அப்ப இந்த வருசமும் கண்மாய்க்கு மழை இல்லங்குது" என்று கம்பிகளைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மேகத்தையும் கண்மாயையும் தொட்டுப் பார்த்து, முகம் செத்துத் திரும்பினார்கள். திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்குய்யா?" என்று கேட்டார்.

மெக்கானிக் அசையவில்லை. "மேகத்துக்குக் குடைதாம்லே ஜோடி." அந்தக் கூட்டத்தில் குடை வைத்திருந்த ஒரே ஒருவரும் வெயிலுக்காகத்தான் வைத்திருந்தார்.

"கண்மாய்க்கும் ஒரு வயரு இழுலே" என்றேன்.

"தப்பான பதிலுக்கு மணி அடிக்கச் சொல்றியா?"

"இந்த ஊர்ல அது தப்பு இல்ல."

முணுமுணுத்துக்கொண்டே இழுத்தான். மணி அடித்தது. அதற்குப் பிறகு வரிசை நீண்டது; எல்லோருக்கும் அந்த ஒரு ஜோடிதான் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். யாரோ மேகத்துக்குத் திருநீறு பூச, திருகாணியில் கரண்டு பாயாமல் மணி நின்றுபோனது. மெக்கானிக் யாரும் பார்க்காதபோது துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் போட்ட மயில ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கல" என்று பெயிண்டர் புலம்பினான். முதல்முறையாக இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். இருவருக்கும் குற்றவாளி நான்.

அந்த வாரமே மழை பெய்தது, நரிக்குடிப் பக்கம் மட்டும். திருச்சுழியிலும் ரெட்டியபட்டியிலும் காற்றுதான்.

முதலில் கடைக்கு வந்தவர் ரெட்டியபட்டிக்காரர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஒங்க பலகைய நான் குறை சொல்லல தம்பி. நாந்தான் மொதல்ல தொட்டேன். என் கைராசி அப்படி." அது வெறும் வயர், நாங்கள்தான் பிறகு மாற்றி இழுத்தோம் என்று விளக்கினேன். என் மனம் நோகக் கூடாது என்பதற்காகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

அடுத்து, அன்று வரிசையில் நின்று தொட்டுவிட்டுப் போன நரிக்குடிக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள், அவர்கள் ஊர்க் கோவில் பொங்கலுக்குப் பலகையைக் கூப்பிட. அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "தம்பி, ஒன்னயத் தேடி வந்திருக்காக பாரு" என்று என்னை மரியாதையாகக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக என் தொழில் அவருக்குப் பிடித்திருந்தது. பெயிண்டர் தயார். மெக்கானிக், "மழைக்கெல்லாம் நான் வயரு இழுக்க வர மாட்டேன்" என்று முன்பே சொல்லிவிட்டான். எனக்கோ ரெட்டியபட்டிக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் இருந்தது.

"பலகை கெட்டுப்போச்சு, இனி ஓடாது" என்றேன்.

அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தேன். மூத்தவர் தலையாட்டினார். "பின்ன? மழை பெஞ்சிருச்சு, அது வந்த வேலை முடிஞ்சிருச்சுல்ல."

புண்ணாக்கு இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அப்பா தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.